தலைமன்னாருக்கு ஒரு சீட்டு

நம்மிடம் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் படித்த மாணவர் ஒருவர் இப்போது ஆம்பூரில் காலணி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறார். சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மடிக்கணினியும் கையுமாக வேலூரில் உள்ள நம் வீட்டுக்கு வந்தார். மிலான் நகரில் நடைபெறும் தோல் கண்காட்சியை முடித்துக்கொண்டு, அங்கிருந்து ஜெர்மனியின் பிர்மாசென்ஸ் என்னும் ஊருக்கு அவர் போக வேண்டும். பிர்மாசென்ஸ் அந்நாட்டின் பழைய காலணித் தொழில் நகரம். இரயிலில் போய்க்கொள்ளலாம் என்று நிறுவனத்தில் சொல்லிவிட்டார்கள். சீட்டு எடுக்கும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. தமிழாசிரியரிடம் இதற்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். பழைய இரயில் கால அட்டவணைகளைச் சேர்த்து வைக்கும் பழக்கம் நமக்குண்டு என்று வகுப்பறையில் எப்போதோ சொல்லியிருந்தோம். அதை அவர் மறக்கவில்லை.

இருவருமாக இரண்டு மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தோம். மிலானிலிருந்து ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து சுவிட்சர்லாந்தின் பாசல் நகர் வரை ஒரு வண்டி. பாசலிலிருந்து ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ வரை இன்னொரு வண்டி. அதன்பின் கிளைப்பாதையில் சிறு வண்டிகள். மூன்று நாடுகள், மூன்று இரயில் நிர்வாகங்கள். ஒரு தளம் பாதி வழிக்குத்தான் சீட்டு விற்றது. மற்றொரு தளம் முழு வழியையும் காட்டியது. விலையை மட்டும் சொல்லவில்லை. தனித்தனியாக வாங்கினால் மலிவாக இருந்தது. ஆனால் முதல் வண்டி தாமதமாகி இரண்டாவது வண்டியைத் தவறவிட்டால் அந்த இழப்புக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை. 1985இல் கையெழுத்தாகி 1995இல் நடைமுறைக்கு வந்த ஷெங்கன் உடன்படிக்கையால் தம்மிடையே எல்லைச் சாவடிகளைக் கலைத்த நாடுகள், சீட்டு விற்கும் சாளரத்தை ஒன்றாக்க இன்னும் முழுமையாக இயலாமல் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள பயணியர் உரிமை விதிகூட, ஒரே நிறுவனத்தின் வண்டிகளில் மாறிச் செல்வோர்க்குத்தான் ஒரே சீட்டை உறுதி செய்கிறது. வெவ்வேறு நிறுவனங்களை அவ்வாறு கட்டாயப்படுத்தவில்லை.

கடைசியில் மூன்று சீட்டுகளாகவே வாங்கினார். மடிக்கணினியை மூடும்போது, "ஐயா, ஒரே சீட்டுல நாடு விட்டு நாடு போற வசதி நம்ம பக்கம் எப்பவாவது இருந்திருக்கா?" என்று கேட்டார்.

"இருந்தது தம்பி. ஐம்பது வருஷம் இருந்தது" என்றோம். அவர் நம்பவில்லை. அவருக்கு அன்று சொன்னவற்றையும், சொல்ல நேரமில்லாமல் விட்டவற்றையும் சேர்த்து எழுதியதே இக்கட்டுரை.

*

சீட்டு என்னும் சொல்லை நம் வட்டாரத்தில் எடுத்தவுடன் எவருக்கும் இரயில் நினைவுக்கு வருவதில்லை. வேலூரிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் சீட்டு என்றால் மாதச் சீட்டு. இருபது பேர் மாதாமாதம் பணம் போடுவார்கள். ஒவ்வொரு மாதமும் ஒருவர் எடுத்துக்கொள்வார். எடுத்தவர் மீதித் தவணைகளைத் தவறாமல் கட்டுவார் என்று பத்தொன்பது பேர் நம்புவதால்தான் அது நடக்கிறது. நம்பிக்கை போன அன்றே சீட்டும் போய்விடும். நோட்டுப் புத்தகம் மட்டும் மிஞ்சும்.

இரயில் சீட்டின் இயல்பும் இதுவேதான். 1830களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் தாமஸ் எட்மண்ட்சன் என்னும் நிலைய அலுவலர், வரிசை எண் அச்சிட்ட சிறு அட்டைச் சீட்டை உருவாக்கினார். நம் தலைமுறையினர் சிறுவயதில் கையில் பிடித்த அந்தத் தடித்த சிற்றட்டை அவர் தந்ததே. அடுத்து ஒரு சிக்கல் எழுந்தது. ஒரு கம்பெனியின் நிலையத்தில் பணம் கட்டிய பயணி, வழியில் வேறிரண்டு கம்பெனிகளின் பாதைகளிலும் போகிறார். அவர்களுடைய பங்கை யார் கொடுப்பது? இதற்காகவே 1842இல் இலண்டனில் இரயில்வே கணக்குத் தீர்வகம் ஒன்று அமைந்தது. பயணி ஒருமுறை பணம் கட்டுவார். கம்பெனிகள் தமக்குள் பின்னால் கணக்குப் பார்த்துப் பிரித்துக்கொள்ளும். தொடர் பயணச்சீட்டு என்பது இதுதான். முன்பின் காணாத ஊரில் உள்ள வண்டிக்காரர், இங்குள்ள எழுத்தர் கிழித்துக் கொடுத்த சீட்டை மதித்து ஏற்றிக்கொள்வார் என்னும் உறுதியையே பயணி விலை கொடுத்து வாங்குகிறார்.

பின்னர் ஐரோப்பா இதை நாடுகளுக்கிடையே விரித்தது. 1883இல் பாரிசிலிருந்து ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் புறப்பட்டது. 1890இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில், எல்லை கடக்கும் சரக்குகளுக்குப் பொதுவான இரயில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பயணியர்க்கான ஒப்பந்தம் 1920களில்தான் வந்தது. முதலில் சரக்கு, அப்புறம் மனிதர் என்னும் இந்த வரிசையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

நம் வட்டாரத்துக்கும் இரயிலுக்கும் உள்ள உறவு பழையது. தென்னிந்தியாவின் முதல் பயணியர் வண்டி 1856 ஜூலை 1 அன்று சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. வடஆர்க்காட்டின் வாசலில் வந்து நின்றது என்றே சொல்லலாம். அடுத்த சில ஆண்டுகளில் அப்பாதை ஆம்பூர், வாணியம்பாடி வழியாக மேற்கே நீண்டது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல்கள் இப்பாதையில்தான் சென்னை பெரியமேட்டுத் தோல்மண்டிகளுக்கும், அங்கிருந்து துறைமுகம் வழியாக இலண்டன் சந்தைக்கும் போயின. கட்டுக்கு ஒரு குறி, கையில் ஓர் இரயில்வே ரசீது, கப்பலுக்கு ஒரு சரக்குச் சீட்டு. இவை இருந்தால் தோல் கடல் கடந்துவிடும். உடையவர் ஆம்பூரிலேயே இருக்கலாம்.

*

மனிதர் கடல் கடப்பதற்கு வேறொரு பாதை உருவாகிக்கொண்டிருந்தது. 1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு மீட்டர் கேஜ் பாதை போடப்பட்டது. சென்னையிலிருந்து தூத்துக்குடி வரை இரயில், அங்கிருந்து கொழும்புக்கு நீராவிக் கப்பல் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கைக்குச் செல்லும் வழி. தூத்துக்குடியில் கடல் ஆழமில்லாததால் பெரிய கப்பல்கள் கரையை அணுக இயலாது. பயணிகளைப் படகில் ஏற்றித் தொலைவில் நிற்கும் கப்பலுக்குக் கொண்டுபோவார்கள். இரவு முழுதும் கடற்பயணம். குமட்டலும் வாந்தியும் அதில் அடங்கும்.

இதற்கு மாற்றாகவே பாம்பன் பாலம் எழுந்தது. 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட அப்பாலம் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளமுடையது. கப்பல் வரும்போது நடுவில் இரு பாதிகளாக மேலே விரிந்து வழிவிடக்கூடியது. இரயில் இராமேசுவரத் தீவுக்குள் நுழைந்து, அதன் தென்கிழக்குக் கோடியில் உள்ள தனுஷ்கோடிக்குப் போயிற்று. அதே ஆண்டு இலங்கை அரசின் இரயில்வே, மதவாச்சியிலிருந்து மன்னார்த் தீவின் முனையில் உள்ள தலைமன்னாருக்குப் பாதை போட்டது. இரண்டு முனைகளுக்கும் நடுவே முப்பத்தைந்து கிலோமீட்டர் அளவுக்குக் கடல். இராமர் அணை வழியாகத் தண்டவாளத்தையே கொண்டுபோய்விடலாம் என்று அக்காலத்தில் திட்டம் தீட்டியவர்களும் உண்டு. அது நடந்திருந்தாலும் வண்டி நேரே போயிருக்க முடியாது; இங்கே மீட்டர் கேஜ், அங்கே அகலப்பாதை. ஆகவே கடல் நடுவே ஒரு நீராவிக் கப்பல் என்று முடிவாயிற்று. கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று அரசப் பிரதிநிதிகளின் பெயர் தாங்கிய கப்பல்கள் ஓடின. பின்னாளில் இர்வின், கோஷன் என்பவை வந்தன.

இப்பாதையில் ஓடியதே இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸ். மக்கள் வாயில் அது போட்மெயில். எழும்பூரில் மாலையில் ஏறினால் மறுநாள் பிற்பகல் தனுஷ்கோடி. இறங்கிச் சில அடி நடந்தால் கப்பல். இரண்டு மூன்று மணி நேரத்தில் தலைமன்னார்த் துறை. அங்கே காத்திருக்கும் வண்டியில் ஏறி மன்னார், மதவாச்சி, அநுராதபுரம், பொல்காவலை வழியாக மறுநாள் காலை கொழும்புக் கோட்டை நிலையம். இத்தனைக்கும் எழும்பூரில் வாங்கிய ஒரே சீட்டு. தென்னிந்திய இரயில்வேயும் கப்பலும் இலங்கை அரசின் இரயில்வேயும் அதை மதித்தன. மூவரும் பின்னால் கணக்குப் பார்த்துக்கொண்டார்கள்.

வேலூர்க்காரருக்கும் இது எட்டாத வழியன்று. காட்பாடியிலிருந்து வேலூர்க் கண்டோன்மென்ட், திருவண்ணாமலை வழியாக விழுப்புரம் செல்லும் மீட்டர் கேஜ் பாதை அப்போதே இருந்தது. விழுப்புரத்தில் காத்திருந்தால் போட்மெயில் வரும். கடவுச்சீட்டு வேண்டியதில்லை, இரண்டு நாடுகளும் ஒரே முடியாட்சியின் கீழ் இருந்தன. சுங்கச் சோதனை உண்டு, நோய்த்தடுப்புச் சோதனை உண்டு. அவற்றைக் கடந்தால் போதும்.

அடிமை நாட்டில் இருந்த வசதியை இப்படிப் புகழலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஏனென்றால் அந்த வண்டியில் இன்னொரு வகைச் சீட்டும் பயணம் செய்தது.

*

இலங்கையின் தேயிலை, இரப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழ் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்துச் சென்ற வரலாறு வாசகர்கள் அறிந்ததே. திருச்சி, சேலம், தஞ்சை, மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளோடு வடஆர்க்காட்டிலிருந்தும் மக்கள் போனார்கள். இவர்கள் எழும்பூர்ச் சாளரத்தில் அட்டைச் சீட்டு வாங்கியவர்கள் அல்லர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவர்களுக்காகத் தகரச் சீட்டு என்னும் முறை நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு பதிவெண். அந்த எண்ணைப் பொறித்த தகர வில்லை ஆளுக்கு ஒன்று. அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டால் வழிச்செலவு முழுவதும் அந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறும். எழுதப் படிக்கத் தெரியாதவர் வழிதவறினாலும் எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்று தகரம் சொல்லிவிடும்.

நிர்வாகக் கண்ணோடு பார்த்தால் இது சிறந்த தொடர் பயணச்சீட்டு. பிறந்த மாவட்டத்திலிருந்து தோட்டத்து வாசல் வரை இடையில் எங்கும் காசு எடுக்க வேண்டியதில்லை. இதை அன்று நம் மாணவரிடம் விளக்கியபோது, அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "லாட் நம்பர் மாதிரி ஐயா" என்றார். தோல் தொழிலில் இருப்பவருக்கு அது உடனே விளங்கிவிட்டது. ஆம்பூரில் தோல் கட்டின்மேல் இட்ட குறி என்ன வேலை செய்ததோ, அதே வேலையை அந்தத் தகரம் மனிதர் கழுத்தில் செய்தது. சரக்குக்கான ஒப்பந்தம் முதலிலும் மனிதர்க்கானது பின்னரும் வந்த உலகில், சில மனிதர்கள் சரக்குக்கான ஒப்பந்தத்திலேயே பயணம் செய்தார்கள்.

இவர்கள் நேரே கப்பலுக்குப் போவதில்லை. மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் தங்க வைக்கப்பட்டு, நோய்த்தடுப்புக் காலம் முடிந்த பிறகே அனுப்பப்பட்டார்கள். இந்திய மண்ணில் இலங்கை அரசின் முகாம் இருந்தது என்பதே வியப்புக்குரிய செய்தி. மண்டபம் கேம்ப் என்னும் பெயர் இன்றும் அவ்வூர் இரயில் நிலையத்துக்கு நிலைத்திருக்கிறது.

தோட்டத்தில் இறங்கியபின் மூன்றாவது சீட்டு ஒன்று காத்திருந்தது. அதன் பெயர் துண்டு. ஆங்கில அரசின் ஆவணங்களே இத்தமிழ்ச் சொல்லை அப்படியே எடுத்தாண்டிருக்கின்றன. தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைக் கட்டுபவர்க்கு இவரை விட்டுக்கொடுக்கச் சம்மதம் என்று தோட்டத்துரை எழுதித் தருவது துண்டு. வழிச்செலவும் முன்பணமும் சேர்ந்து கடனாகி, அக்கடனை இன்னொரு துரை கட்டினால் ஆள் கைமாறுவார். 1921இல் சட்டத்தின் வழியாக இம்முறை ஒழிக்கப்பட்டது. புதுமைப்பித்தனின் 'துன்பக் கேணி'யைப் படித்தவர்களுக்கு இந்தச் சீட்டுகளின் பின்னால் இருந்த வாழ்வை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

எனவே போட்மெயிலின் ஒரே சீட்டை நாம் பொற்காலச் சின்னமாக எண்ணவில்லை. ஒரே வண்டியில், முதல் வகுப்பில் சீட்டை வாங்கியவரும், கடைசிப் பெட்டியில் சீட்டால் வாங்கப்பட்டவரும் இருந்தார்கள். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு தேவைப்படுகிறது.

*

போட்மெயில் சேவையைப் புயல் அழித்தது என்பது பொதுவான வழக்கு. பள்ளிப் பாடத்திலும் திரைப்படத்திலும் அப்படித்தான். ஆனால் ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரியும்.

1939இல் இந்திய அரசு, உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்குக் குடிபெயர்வதைத் தடை செய்தது. இலங்கையில் இந்தியத் தொழிலாளர்க்கு எதிராக எழுந்த நடவடிக்கைகளுக்கு அது மறுமொழி. தகரச் சீட்டின் கதை அங்கே முடிந்தது. 1948இல் சுதந்திர இலங்கையின் குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழர் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் ஒரே சட்டத்தால் நாடற்றவர் ஆயினர். அதே ஆண்டின் குடிவரவு, குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதுவரை வண்டிச் சீட்டு ஒன்றே போதும் என்றிருந்த வழியில், கடவுச்சீட்டும் விசாவும் நுழைந்தன. போட்மெயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கப்பல் புகை கக்கிக்கொண்டு போய் வந்தது. எழும்பூரில் கொழும்புச் சீட்டு விற்றுக்கொண்டிருந்தது. ஆனால் அது தனித்துச் செல்லுபடியாகும் சீட்டாக இல்லாமல் போய்விட்டது. இரயில்வேக்கள் ஒன்றையொன்று நம்பின; அரசுகள் நம்பவில்லை.

1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ - சாஸ்திரி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. நாடற்றவர் ஒன்பதே முக்கால் இலட்சம் என்று கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என்று பிரித்துக்கொண்டார்கள். அந்த ஒன்றரை இலட்சம் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. கணக்குத் தீர்வகம் வண்டிக் கட்டணத்தைப் பிரிக்கும் முறை இதுதான். பிரிக்கப்பட்டவர்களைக் கேட்டுச் செய்யவில்லை.

அதற்கு எட்டு வாரங்கள்கூட ஆகவில்லை. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் தாக்கியது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்துகொண்டிருந்த 653ஆம் எண் பயணியர் வண்டி, நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலில் மூழ்கியது. ஒருவரும் பிழைக்கவில்லை. தனுஷ்கோடி ஊரே அழிந்தது. பாம்பன் பாலத்தின் இரும்புத் தளங்களில் பெரும்பகுதி பெயர்ந்து விழுந்தது. இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரன் தலைமையில் பாலம் 46 நாட்களில் சரிசெய்யப்பட்டது. இது இன்றும் வியந்து பேசப்படும் சாதனை. ஆனால் தனுஷ்கோடிக்குப் பாதையை மறுபடி போடவில்லை. மனம் இருந்தால் 46 நாட்களில் பாலம் எழும் என்று காட்டிய அதே இரயில்வே, முனைவரை போகும் சில கல் தொலைவுக்குத் தண்டவாளம் போடாமல் விட்டதற்குப் புயல் மட்டுமே காரணமாக இருக்க முடியாது. அதற்குள் அந்த வழியின் தேவையே மாறிப்போயிருந்தது.

மாறிய தேவைக்கு ஏற்ற கப்பல் பிறகு வந்தது. இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே 'இராமானுஜம்' என்னும் கப்பல் ஓடியது. அதில் இங்கு வந்தவர்களுள் பெரும்பாலோர் உடன்படிக்கையின்படி அனுப்பப்பட்ட மலையக மக்கள். இந்தியாவைக் கண்ணால் கண்டிராதவர்களும் அவர்களுள் பலர். நான்கு தலைமுறைக்கு முன் கழுத்தில் தகரத்தோடு ஒருவழியாகப் போன குடும்பங்கள், கையில் ஆவணத்தோடு ஒருவழியாகத் திரும்பின. 1980களின் தொடக்கத்தில் இலங்கையில் போர் மூண்டபின் அந்தக் கப்பலும் நின்றது.

*

அதன் பிறகு அந்தக் கடலைக் கடந்தவர்கள் சீட்டில்லாமல் கடந்தார்கள். 1983இலும், பின்னர் 1990இலும், மன்னாரிலிருந்து மீன்பிடிப் படகுகளில் ஏதிலிகள் வந்து இறங்கினர். முதலில் அவர்கள் கொண்டுபோகப்பட்ட இடம் மண்டபம் முகாம். அங்கிருந்து மாநிலம் எங்கும் பிரித்து அனுப்பப்பட்டார்கள். வேலூரை அடுத்த மேல்மொணவூரில் அத்தகைய முகாம் ஒன்று உண்டு. 2021இல் இம்முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றிய தமிழக அரசு, அவ்வாண்டு நவம்பரில் புதிய வீடுகள் கட்டும் திட்டத்தை மேல்மொணவூரிலிருந்துதான் தொடங்கியது.

எல்லை கடந்த சீட்டின் வரலாறு நம் ஊருக்கு வேறொரு வழியாகவும் வந்து சேர்ந்திருக்கிறது. வேலூரில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தால், விடுதிகளின் பெயர்ப்பலகைகளில் வங்காள எழுத்தைக் காணலாம். வங்கதேசத்திலிருந்து மருத்துவத்துக்காக வருவோர் பலர். டாக்காவிலிருந்து கல்கத்தா வழியாகக் காட்பாடி வருவது அவர்களுடைய வழி. டாக்கா - கல்கத்தா இரயில் தொடர்பு 1965 போரோடு அறுந்து, 2008 ஏப்ரலில் மைத்ரி எக்ஸ்பிரசாக மீண்டது. 2024 ஜூலையில், அங்கே கலவரம் மூண்டபோது மறுபடி நிறுத்தப்பட்டது. மேற்கே 1976இல் தொடங்கிய சம்ஜோதா எக்ஸ்பிரஸ் 2019 ஆகஸ்டில் நின்றது. மூன்று எல்லைகளிலும் தண்டவாளம் துருப்பிடிப்பதற்கு முன்பே சீட்டு செல்லாமல் போயிருக்கிறது.

ஐரோப்பாவை இங்கே ஒப்பிடத் தோன்றுகிறது. இரண்டு உலகப் போர்களில் ஒருவர் பாலத்தை ஒருவர் குண்டு வைத்துத் தகர்த்தவர்கள், 1972இல் இளைஞர்களுக்கு ஒரே அட்டையில் பல நாடுகள் சுற்றிவரும் சலுகைச் சீட்டைத் தந்தார்கள். இன்று அவர்களுடைய சிக்கல், கணினிகள் ஒன்றோடொன்று பேசாமை. நம் மாணவர் பட்ட தொல்லை தொழில்நுட்பத்தாலும் வணிகப் போட்டியாலும் விளைவது. பொறுமையும் பணமும் இருந்தால் தீர்ந்துவிடும். நம் சிக்கல் அதற்கு முந்திய படியில் நிற்கிறது.

*

மேல்மொணவூரிலிருந்து வந்து நம் கல்லூரியில் படித்த மாணவி ஒருவரின் பாட்டியை ஒருமுறை சந்திக்க நேர்ந்தது. மன்னார்ப் பக்கத்தவர். போட்மெயிலைப் பற்றி நாம் விசாரித்துக்கொண்டிருப்பதைப் பேத்தி சொல்லியிருந்தார். புயலுக்கு முந்திய ஏதோ ஓர் ஆண்டில், தம் எட்டு வயதில், தகப்பனாரோடு மதுரைக்கு வந்து போனதை அந்த அம்மையார் நினைவுகூர்ந்தார்.

"கப்பலுக்கு வேற, ரயிலுக்கு வேற எண்டு இல்லை. ஒரு ரிக்கற்தான். அப்பா சட்டைப் பைக்குள்ள வச்சிருந்தவர். நான் கேட்டு வாங்கிக் கையில வச்சுக்கொண்டு வந்தனான்" என்றார்.

இரண்டாம் முறை அவர் கடல் கடந்தது 1990இல். படகில், இரவில், இரு பிள்ளைகளோடு. அதைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. நாமும் கேட்கவில்லை.

2015 மார்ச்சில் தலைமன்னாருக்கு மீண்டும் இரயில் ஓடத் தொடங்கியதையும், 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விடப்பட்டு, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியதையும் அவருக்குச் சொன்னோம். அவர் தொலைக்காட்சியில் பார்த்திருந்தார். 2025 ஏப்ரலில் பாம்பனில் புதிய பாலம் திறக்கப்பட்டதையும் பார்த்திருந்தார். எழும்பூரிலிருந்து இராமேசுவரத்துக்கு ஓடும் வண்டியைப் பழையவர்கள் இன்னும் போட்மெயில் என்றே அழைக்கிறார்கள் என்றபோது சிரித்தார். "போட் இல்லாத போட்மெயிலோ?" என்றார்.

புறப்படும்போது ஒன்று கேட்டார். "அந்த நாகபட்டினக் கப்பலுக்கு ஆர் வேணுமெண்டாலும் ரிக்கற் எடுக்கலாமோ சேர்?"

எடுக்கலாம், கடவுச்சீட்டும் விசாவும் இருந்தால் என்றோம். அவரிடம் இருப்பது முகாம் அட்டை. விரும்பினால் பயண ஆவணம் பெற்று நிலையாகத் திரும்பிப் போகலாம். அவ்வாறு போனவர்களும் உண்டு. ஆனால் அது போவதற்கு மட்டுமே. தங்கையைப் பார்த்துவிட்டுப் பேத்தியிடம் திரும்பி வருவதற்கு அதில் இடமில்லை. எட்டு வயதில் கையில் வைத்திருந்த அந்தச் சீட்டு போகவும் வரவும் செல்லுபடியானது.

பிர்மாசென்ஸ் சென்று வந்த மாணவர் சென்ற மாதம் வந்து பார்த்தார். பாசலில் வண்டி இருபது நிமிடம் தாமதமாம். ஆயினும் அடுத்த வண்டியின் பரிசோதகர் சீட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அமரச் சொன்னாராம். மூன்று சீட்டுகளையும் அச்செடுத்து நம் சேகரிப்புக்கென்று கொண்டுவந்திருந்தார். பழைய கால அட்டவணைகளோடு அவற்றை வைத்திருக்கிறோம். எழும்பூர் - கொழும்புக் கோட்டை என்று அச்சிட்ட அட்டைச் சீட்டு ஒன்றுகூட நம்மிடம் இல்லை. வாசகர் எவர் வீட்டுப் பெட்டியிலாவது அது கிடந்தால் எறிந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.